மானுக்கு அரை ஏக்கர்

மான் எங்கே மேயும் என்று மானைக் கேட்டால் சொல்லாது, ஆறுக்குட்டி அண்ணனைக் கேட்டால் சொல்லிவிடுவார் என்று வனவரம்மா நேற்று எல்லார் முன்னாலும் சொன்னபோது அவனுக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று. அந்தக் குளிர்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. இப்போது காலை ஒன்பது மணிக்கு, நாலு முளைக்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் சுத்தியலோடு, கரடிக்குழிப் பள்ளத்தின் நடுவில் அவன் தனியாக நின்றான். இருபத்திரண்டு வருசமாக வாச்சர். இந்தக் காட்டில் எந்தப் புதருக்குப் பின்னால் எந்த மான் படுத்து எழுந்தது என்று தழை மடங்கியிருப்பதைப் பார்த்துச் சொல்கிறவன். அதனால்தான் புல் நடப்போகும் மூன்றாவது இடத்தை அவனிடமே விட்டுவிட்டார்கள். புள்ளிமான்கள் காட்டை விட்டு இறங்கி வெள்ளாமையில் வாய் வைக்கின்றன, வெள்ளாமை வைத்த காட்டுக்காரர்கள் கரண்டுக் கம்பி கட்டுகிறார்கள், மான் சாகிறது, சில சமயம் மனுசரும் சாகிறார்கள், ஆகையால் வனத்துக்குள்ளேயே மூன்று இடத்தில் அரை அரை ஏக்கர் புதரை வெட்டிக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் நட்டுவிட்டால் அது ஏன் கீழே இறங்கப் போகிறது என்பது மேலிடத்து யோசனை. சில சமயம் மனுசரும் என்று சொல்லும்போது வனவரம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பின் டயரைப் பார்த்தாள். சின்ன வயசு, மாற்றலாகி வந்து மூன்று மாசம், ஆனாலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சில சமயத்தின் பெயர் நாச்சாத்தா. ஆறுக்குட்டியின் பெண்டாட்டி. போன மார்கழியில் பக்கத்துக் காட்டுப் பொங்கியண்ணனின் கொள்ளுக்காட்டுக் கம்பியில் செத்தாள். குச்சி அடித்து வையுங்கள், பதினோரு மணிக்கு நடவுப் பெண்களோடு வந்துவிடுகிறேன், நீங்கள் எங்கே அடிக்கிறீர்களோ அங்கேதான் புல் என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டாள். குச்சிகளின் தலையில் பூசிய சிவப்புப் பெயிண்ட் காயாமல் கக்கத்தில் ஒட்டியது. அவன் பார்க்காமல் துடைத்துக்கொண்டான்.

இடம் பார்ப்பதற்கு ஒன்றும் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. மேலே மொட்டப்பாறை மேடு இருக்கிறது. பாறைக்குழியில் பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்கும், காற்று ஒரே பக்கமாக வரும், நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியும், செந்நாய் வந்தால் நாற்பது எட்டில் ஓடி ஒளிய அடர்ந்த புதர். மானுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஆறுக்குட்டி அங்கேதான் போய் நாலு மூலைக்கும் குச்சி அடிப்பான். ஆனால் கண் கட்டவில்லை, நன்றாகத் திறந்திருந்தது, திறந்த கண்ணோடுதான் அவன் கால் பாதி வழியில் திரும்பிக் கரடிக்குழிக்கு இறங்கியது. இங்கேயும் மண் நல்ல மண். ஐப்பசி மழையில் கணுக்கால் புதைகிறது, புல் கரணையைச் சும்மா வீசினால்கூடப் பிடித்துக்கொள்ளும், பதினைந்து நாளில் புல் கும்மென்று எழுந்துவிடும், அந்த வாசனைக்கே மான் கூட்டம் கூட்டமாக வரும். தண்ணீர்தான் கிடையாது. சொட்டுத் தண்ணீர் கிடையாது. பொழுது சாயும் வரை மேய்ந்த மானுக்குத் தொண்டை காயும், காய்ந்தால் மூக்கைத் தூக்கும், தூக்கினால் உண்ணிப்புதருக்கு அந்தப்பக்கம், ஓடையில் இறங்கி ஏறினால், பொங்கியண்ணனின் தண்ணீர்த்தொட்டி. தொட்டிக்கு முன்னால் கொள்ளுக்காடு. கொள்ளுக்காட்டுக்கு முன்னால் கம்பி. அதாவது கரடிக்குழியில் புல் நடுகிறவன் புல் நடவில்லை, மானின் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கம்பிக்கு இழுத்துக்கொண்டு போகிறான். விழும். ஒன்றல்ல, அஞ்சு ஆறு விழும். விழுந்தால் வனவரம்மா வருவாள், கம்பியைப் பிடிப்பாள், பொங்கியண்ணனைப் பிடிப்பாள். மனுசி செத்ததற்கு நாற்பத்து மூன்றாம் நாள் ஜாமீனில் வந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மான் செத்தால் ஜாமீன் லேசில் கிடைக்காது, அப்படி உட்கார முடியாது என்று எல்லா வாச்சரும் சொல்கிறார்கள். சரி, பார்த்துவிடலாம். பெண்டாட்டிக்கு நாற்பத்து மூன்று நாள், மானுக்கு எத்தனை நாள் என்று பார்த்துவிடலாம்.

முதல் குச்சியை வைத்து ஓங்கி அடித்தான். மண் இளகியிருந்ததால் ஒரே அடியில் அரைக்குச்சி இறங்கிவிட்டது, அது அவனுக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் எதிர்த்திருக்கலாம். எதிர்க்காததை அடிப்பதில் என்ன இருக்கிறது. பொங்கியண்ணனை அடிப்பதை அவன் எத்தனை விதமாக அடித்துப் பார்த்திருக்கிறான். சுத்தியலால் பிடரியில். பிடரி வேண்டாம், பிடரியில் அடித்தால் யார் அடித்தது என்று தெரியாமலே போய்விடுவான், எதிரே நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் மாப்ளே என்று திரும்பும்போது நெற்றிப்பொட்டில். அந்த மாப்ளே என்ற வாய் பாதியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் கம்பியிலேயே அவன் கையை வைத்துச் சுவிட்சைத் தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டி, நிறுத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்து, மறுபடி. ஆறுக்குட்டி இதையெல்லாம் சாப்பிடும்போது நினைப்பான். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் பொங்கியண்ணன் ஒரு தடவை செத்துவிடுவான், பிறகு இவன் தண்ணீர் குடித்துவிட்டுக் கை கழுவுவான். அண்ணன் தம்பி இல்லாமல் பிறந்தவள் நாச்சாத்தா. பக்கத்துக் காட்டுக்காரனை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டே அண்ணனாக்கிவிட்டாள். மகள் கோகிலா பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டு வந்தவன் பொங்கியண்ணன்தான், ஏழு தட்டு, பட்டுச்சேலை, ஒரு பவுனில் தோடு, பந்தலில் முன்னால் நடந்து வந்தான், நாச்சாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரத்தி எடுத்தாள். அந்தக் கைதான் கம்பியைப் பிடித்தது. அந்த அண்ணன்தான் கட்டியிருந்தான். இதில் எங்கே அடிப்பது, எந்த இடத்தில் சுத்தியலை இறக்கினால் இதெல்லாம் உடையும் என்று தெரியாமல், அவன் மண்ணில் ஏற்கெனவே இறங்கிவிட்ட குச்சியை மேலும் இரண்டு அடி அடித்தான். குச்சியின் தலை பிளந்துகொண்டது.

இரண்டாவது மூலைக்கு முப்பது எட்டு நடக்க வேண்டும். எட்டு எண்ணிக்கொண்டே நடந்தவனுக்குப் பன்னிரண்டாவது எட்டில் காலையில் பார்த்த கீரி நினைவுக்கு வந்துவிட்டது. காலையில் வரும்போது ஓடை ஓரமாகத்தான் வந்தான், வேண்டுமென்றே வந்தான், பார்க்க வேண்டும் என்றே வந்தான். கம்பி மறுபடி ஓடுகிறது. போன வருசத்துக் கம்பியைப் போலீஸ் சுருட்டிக்கொண்டு போய்விட்டது, இது புதுசு, மினுமினு என்று இருக்கிறது. பச்சை மூங்கில் முளை, முளைக்கு முளை சைக்கிள் டியூபைச் சுற்றி, முழங்கால் உயரத்தில், புங்கமரத்திலிருந்து கிணற்றுமேடு வரைக்கும். அதே தடம். அந்த ஆளுக்கு வேறு தடம்கூடத் தோன்றவில்லை. ஒரு மனுசி செத்த இடத்தில் மறுபடி முளை அடிக்கும்போது அந்த இடத்தையாவது இரண்டு முழம் தள்ளிப் போடத் தோன்றாதா. கம்பிக்குக் கீழே கீரி ஒன்று பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. எழும்பி முகர்ந்திருக்கும், மீசை கருகி, ஒரு கண் வெளியே வந்து. சுத்தியல் காம்பால் புரட்டினான். உடம்பு இன்னும் விறைக்கவில்லை, அப்போதுதான் செத்திருக்கிறது, அப்படியானால் பகலிலும் கரண்டு விட்டிருக்கிறான். மழை மூடாப்பு என்றால் மான் பகலிலும் இறங்கும், அதனால். முன்பெல்லாம் பொழுது விழுந்தால்தான் சுவிட்சு. ஜெயிலுக்குப் போய் வந்தவன் இன்னும் தைரியமாகியிருக்கிறான். அங்கேயே நின்று வனவரம்மாவுக்குப் போன் அடித்திருக்கலாம். பாக்கெட்டில் போன் இருந்தது, சிக்னலும் இருந்தது. அடித்தால் என்ன ஆகும், வருவார்கள், கம்பியைச் சுருட்டுவார்கள், எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். கீரிக்கு யார் அழுவது. அவனுக்கு வேண்டியது கம்பி இல்லை, கம்பியில் தொங்கும் மான். கொம்பு வைத்த, கொழுத்த, போட்டோவில் நன்றாகத் தெரிகிற மான். ஆகவே போனை எடுக்காமல், கீரியைக் காலால் புதருக்குள் தள்ளிவிட்டு, மேலே ஏறி வந்துவிட்டான். இரண்டாவது குச்சியை அடிக்கும்போது அந்தக் கால் விரலில் இன்னும் அந்த மெத்தென்ற உடம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

கரண்டு பிடித்துச் செத்தவர்களைத் தூக்கிப்போட்டுவிடும் என்று சொல்வார்கள். நாச்சாத்தாவைத் தூக்கிப்போடவில்லை, பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் அவன்தான் முதலில் பார்த்தான். வனத்துறை முகாமில் இருந்து ராத்திரி டூட்டி முடிந்து வந்தான், வீடு பூட்டவில்லை, அடுப்பில் சாம்பல், பட்டியில் ஒரு ஆடு குறைவு. வராத ஆட்டைத் தேடி நேற்றுப் பொழுதோடு போயிருக்கிறாள் என்று அந்தக் குறைவே சொல்லிவிட்டது. அவன் கால் நேராகப் புங்கமரத்துக்குத்தான் போனது. வேறு எங்கேயும் தேடவில்லை. ஊரைக் கூப்பிடவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை, நேராக அங்கே. இதைப் போலீசில் யாரும் கேட்கவில்லை. அவள் குந்தியிருந்தாள், விழக்கூட இல்லை, ஒரு கை கம்பியோடு மூடியிருந்தது, விரல்கள் உள்ளே வெந்து போய், கொலுசு போட்ட காலைச் சுற்றிக் கொள்ளுச்செடி ஒரு வட்டத்துக்குக் கருகியிருந்தது. அந்த நாற்றத்தை அவன் சொல்லமாட்டான், யாரிடமும் சொன்னதில்லை, சமையற்கட்டில் எப்போதாவது வரும் நாற்றம்தான் அது, அதுதான் கொடுமை. ஆடு பக்கத்திலேயே நின்றது. உயிரோடு. கம்பிக்கு அந்தப்பக்கம் குதித்துப் போய், அவள் எதற்காகக் கையை நீட்டினாளோ அந்த ஆடு, ராத்திரி பூராவும் கொள்ளு மேய்ந்து வயிறு புடைத்து, அவன் வருவதைப் பார்த்து ஒரு தடவை கத்திவிட்டு மறுபடி குனிந்து மேய்ந்தது. மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த ஆட்டை அவன் வெட்டினான். அறுக்கவில்லை, வெட்டினான், கொடுவாளால், கழுத்தென்று பார்க்கவில்லை, முதுகு, கால், வயிறு, பட்டிக்குள் அது ஓட ஓட. கோகிலா வந்து பின்னால் இருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்பா அப்பா என்று அலறினாள். ஆட்டுக்கு என்ன தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தவனை வெட்ட முடியாததால்தான் ஆட்டை வெட்டினான். தெரிந்தவன் என்றால் பொங்கியண்ணன். பொங்கியண்ணன்தான். மூன்றாவது மூலைக்கு எத்தனை எட்டு எண்ணினான் என்பது மறந்து போய், திரும்பிப் போய் மறுபடி எண்ணிக்கொண்டு வந்தான்.

கோகிலா போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றைக் கேட்பாள். நம்பியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, நல்ல இடம், மாப்பிள்ளை தங்கமானவர், சாப்பிட்டீர்களா மாத்திரை போட்டீர்களா எல்லாம் ஆன பிறகு, வைக்கப் போகும்போது கேட்பாள், அம்மா எதுக்குப்பா அந்த வழியாப் போச்சு. அவனும் சொல்வான், குறுக்கு வழி சாமி அது. அவள் சரி என்று வைத்துவிடுவாள், அடுத்த தடவை அதையே முதல் தடவை போலக் கேட்பாள். குறுக்கு வழியில் கம்பி இருப்பது அம்மாவுக்கு ஏன் தெரியாது என்பதுதான் அந்தக் கேள்வி, பெண் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் அவன் காதில் அப்படித்தான் விழும். மூன்றாவது குச்சி கல்லில் பட்டு எகிறியது. இடத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்தான். கறி கொஞ்சம் முத்தலாக இருக்குது என்று போன மார்கழியில் ஒரு ராத்திரி நாச்சாத்தா சொன்னாள். இல்லை, அது இப்போது வேண்டாம். பொங்கியண்ணனை யோசிக்கலாம், அவன் கால் மேல் கால் போட்ட பெஞ்சை யோசிக்கலாம், அந்த முழங்காலை ஒரே அடியில், சிரட்டை உடைவது போல. எந்த ஆட்டுக்கறியிது, கொழுப்பே இல்லை என்று நாச்சாத்தா சொன்னாள், சொல்லிவிட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி அவன் தட்டில் ஊற்றினாள். சந்தையில் வாங்கினது, செம்மறி, என்று அவன் சொன்னான். செம்மறிக்கா கொழுப்பு இருக்காது. அவள் அப்படியா என்றுகூடக் கேட்கவில்லை. ஒருவேளை தெரிந்துதான் அப்படி ஒரு பார்வை பார்த்தாளோ, பார்த்தாளா, அடுப்பு வெளிச்சத்தில் கண் அப்படித் தெரிந்ததா, பத்து மாசமாக அவன் அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், அது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கிறது.

கறி சந்தையில் வாங்கினதில்லை. இந்த மூன்று ஊர்க் காட்டிலும் ஒரு நடைமுறை உண்டு, எழுதி வைக்காதது, எழுத்தைவிடக் கெட்டியானது. யார் காட்டுக் கம்பியில் மான் விழுந்தாலும் விடியும் முன் பக்கத்துக் காட்டுக்காரர் எல்லாருக்கும் தேக்கிலையில் பங்கு போகும். கறியோடு ஒரு வார்த்தையும் போகும், கம்பி எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எப்போது கரண்டு என்று. கறியை வாங்கினால் இரண்டு காரியம், வாயைத் திறக்கக்கூடாது, தன் வீட்டு ஆளைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் எந்தத் தடத்தில் போகக்கூடாது என்று, ஆறுக்குட்டி வீட்டைத் தவிர. காக்கி போட்ட வீடு என்று யாரும் கொண்டு வருவதில்லை. ஒரு தடவை கொண்டு வந்தார்கள், அவன் திருப்பிவிட்டான், அதற்கு ஊர் இரண்டு கோடை அவன் ஆடுகளை ஊர்த் தொட்டியில் தண்ணீர் குடிக்க விடவில்லை. எங்க ஊட்டுக்காரரு ஒரு துண்டு கறி தொடமாட்டாரு என்று நாச்சாத்தா அந்த இரண்டு கோடையும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஆட்டுக்கு ஊற்றிக்கொண்டே சொன்னாள், தலையை நிமிர்த்திச் சொன்னாள், நாசமாய்ப் போன பெருமை, அதை அவள் பட்டுச்சேலையைவிட ஆசையாக உடுத்திக்கொண்டாள். போன மார்கழியில் பொங்கியண்ணனே வந்தான். அவள் பால் கறக்கப் பட்டிக்குள் இருந்தாள். தேக்கிலைப் பொட்டணத்தை ஆறுக்குட்டியின் கையில் வைத்து, மாப்ளே இதையாச்சும் திருப்பாதே, தங்கச்சி மூணாவது கோடைக்கும் தண்ணி சுமக்கோணுமா என்றான். ஆறுக்குட்டி திருப்பவில்லை. பொட்டணம் சூடாக இருந்தது. புங்கமரத்துல இருந்து கிணத்துமேடு வரைக்கும், பொழுது உழுந்தா ஆளு ஆரும் அந்தப்பக்கம் வரவேண்டாம், தங்கச்சிகிட்டச் சொல்லிப் போடு. அவ்வளவுதான். ஆறுக்குட்டி தலையாட்டினான். அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை. சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால் அந்தப் பெருமையை அவள் உடம்பில் இருந்து அவனே உருவ வேண்டும். எப்படியும் சொல்லிவிடலாம், வேறு யாரோ சொன்னது போல, நடந்து போகையில் பார்த்தது போல, ஒரு வாரம் கழித்து. பதினோராம் நாள் ஆடு ஒன்று வீட்டுக்கு வரவில்லை.

அவன் குனிந்தபடியே நின்றான். இதோ, நினைத்தாயிற்று, முழுசாக நினைத்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, கரடிக்குழி அப்படியே இருக்கிறது, ஒரு குயில் கத்துகிறது. பொங்கியண்ணன் போலீசில் வாயைத் திறக்கவில்லை. பங்கு கொடுத்தேன், தடம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் குற்றம் பாதியாகியிருக்கும், ஆறுக்குட்டியின் காக்கி அன்றே போயிருக்கும். சொல்லவில்லை. மச்சான் முறைக்காகவா, ஊர் நடைமுறைக்காகவா, கறி கொடுத்ததே தனிக் குற்றம் என்று வக்கீல் சொன்னதாலா. எதற்காகவோ அவன் காப்பாற்றிவிட்டான், காப்பாற்றியதுதான் பொறுக்கவில்லை, அதற்காகவும் அவனைக் கொல்ல வேண்டும், அதற்காகத்தான் முதலில் கொல்ல வேண்டும். மொட்டப்பாறைக்கு ஏற இன்னும் நேரமிருந்தது. குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு முக்கால் மணியில் மேலே போய்விடலாம். மான் கம்பியில் செத்ததை அவன் பார்த்திருக்கிறான், ஒன்று விழுந்தால் மற்றது ஓடாது, என்னவென்று முகர்ந்து பார்க்கக் கிட்டே வரும், நனைந்த மூக்கை நீட்டும், அதுவும் விழும், குட்டி தாயின் மேல் ஏறும். வயிறு உப்பி, நாக்கை ஈ மொய்த்து, சினையாக இருந்தால் உள்ளே ஒன்று வெந்து. அதையெல்லாம் அவன் கை செய்யப் போகிறது, பொங்கியண்ணன் கை அல்ல. செய்யட்டும். ஒரு மனுசியைச் செய்த கைக்கு ஆறு மான் பெரிசா. நாலாவது குச்சியை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், இடது கட்டைவிரல் நசுங்கியது, நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

ஜீப் பாதி வழியில் நின்று, வனவரம்மாவும் ஆறு பெண்களும் கரணைக் கட்டுகளோடு ஏறி வந்தார்கள். மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்ப் பெண்கள், கூலிக்கு வண்டியில் கூட்டி வந்தது, இந்த ஊர்த் தடம் ஒன்றும் தெரியாதவர்கள். வனவரம்மா நாலு குச்சியையும் சுற்றி வந்தாள், மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது, கிட்டே தண்ணீர் இல்லாவிட்டால் புல்லைத் தின்றுவிட்டுக் கீழே இறங்கிவிடுமே என்று சரியாகத்தான் கேட்டாள். பாறைக்கு அந்தாண்ட இருக்குதுங்க மேடம் என்று அவன் சொன்னான். இவ்வளவு லேசாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. செம்மறி என்று சொன்னதும் இப்படித்தான் லேசாக வந்தது. உங்களைக் கேட்டதே நல்லதாகப் போயிற்று அண்ணா என்று சொல்லி அவள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, விரலுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான். பெண்கள் மேட்டுப்பக்கமிருந்து புதரை வெட்டத் தொடங்கினார்கள். ஒருத்தி பாட்டெடுத்தாள், மற்றவள் அதைக் கேலி செய்தாள், சிரிப்பு, கொடுவாள் சத்தம். கரணை வாடுகிறது, நனைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆறுக்குட்டி அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கீழ்க்கோடியில் நின்ற ஒரு பூவரசங்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான், இதை வெட்டச் சொல்வதா விடுவதா என்று, நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது ஒருத்தி, நாற்பது வயசிருக்கும், ஒட்டலாக உயரமாக, பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உண்ணிப்புதரை விலக்கி அந்தப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே தொட்டியின் சிமெண்டு வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. தண்ணீரைப் பார்த்தவள் தண்ணீருக்குப் போகிறாள். ஓடைக்கு இருபது எட்டு. ஓடை ஏறினால் நாலு எட்டு. முழங்கால் உயரம், சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், வெறுங்கால், மழை ஈரம். ஒரு கணம், அதை அவன் பிறகு யாரிடமும் மறைக்கப் போவதில்லை, ஒரே ஒரு கணம் அவன் சும்மா நின்றான். மான் வேண்டியதில்லை, இதுவே போதும், இரண்டாவது மனுசி என்றால் பொங்கியண்ணன் வெளியே வரவே மாட்டான் என்று ஒரு கணக்கு தலைக்குள் ஓடி முடிந்தது. முடிந்ததைக் கண்டவுடன் அவன் கால் கிளம்பியது.

"அம்மிணி, அங்க போவாதே. கம்பி இருக்குது. கரண்டு ஓடுது, நில்லு, நில்லு சாமி, காலை எடுத்து வெக்காதே."

கத்திக்கொண்டே ஓடினான், உண்ணிமுள் முகத்தைக் கிழித்தது, சறுக்கி விழுந்து எழுந்து ஓடினான். அவள் எப்போதோ நின்றுவிட்டிருந்தாள். ஓடைக்கரையில் குடத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கம்பியைப் பார்த்து அல்ல, ஓடி வரும் இவனைப் பார்த்துப் பயந்து நின்றாள். அவள் தோளைப் பிடித்து நாலு எட்டு பின்னால் இழுத்து உட்காரவைத்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை, எடுக்கத் தெரியவில்லை, அவளே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். மேலே கொடுவாள் சத்தம் நின்று போயிருந்தது. வனவரம்மா இறங்கி வந்து ஓடைக்கு அந்தப்பக்கம் மினுங்கிய கம்பியைப் பார்த்தாள், முளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கிணற்றுமேடு வரை கண்ணை ஓட்டினாள். மின்வாரியத்துக்குப் போன் செய்து அந்தப் பக்கத்துக் கரண்டை நிறுத்தச் சொன்னாள். பிறகு மேலே திரும்பி நாலு சிவப்புக் குச்சியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஆரம்பித்தது அவனுக்குத் தெரிந்தது. இந்தக் கம்பி இங்கே இருப்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்று அவள் கேட்டாள், குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். காலையில் பார்த்தேன் என்றான். பார்த்துவிட்டா மேலே வந்து குச்சி அடித்தீர்கள் என்றாள். அவன் ஆமாம் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம், அதற்கே வேலை போய்விடும், வேறு யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. குடத்துக்காரி மட்டும் கீழே உட்கார்ந்து, சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, இந்த மனுசனுக்கு என்ன என்பது போல அண்ணாந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசமுந் தெரியுமுங்க மேடம். கறியைக் குடுத்துப்போட்டு, தடத்தையுஞ் சொல்லிட்டுத்தான் போனான். நாந்தான் அவகிட்டச் சொல்லுல."